விட்டதைப் பிடிக்கும் ஆசை

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஒரு காரியத்தை எப்படித் தொடங்குவது என்பது பற்றி இத்தகைய முகாம்களில் நாம் நிறையப் பேசுகிறோம். எந்த விதை நல்லது, உரம் எவ்வளவு இட வேண்டும், வேலைக்கு மதிப்பீடு தயாரிப்பது எப்படி, அனுமதி பெறுவது யாரிடம் என்றெல்லாம் விளக்குகிறோம். ஆனால், தொடங்கிய காரியம் பலன் தராது என்று தெரிந்த பின்னர் அதை எப்படி நிறுத்துவது என்பது பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. கிராமங்களில் குடும்பங்கள் நொடித்துப் போவதற்கும், பஞ்சாயத்துப் பணம் பாழாவதற்கும், தொடங்கத் தெரியாமை மட்டும் காரணம் அன்று. நிறுத்தத் தெரியாமையும் ஒரு பெருங்காரணம் ஆகும். ஆகவே இன்று அந்த விஷயத்தையே எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

“முன் வைத்த காலைப் பின் வைக்காதே” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. போர்க்களத்தில் நிற்பவனுக்கு அது தக்க வார்த்தைதான். ஆனால் சேற்றில் இறங்கிவிட்டவனுக்கு அதே வார்த்தையைச் சொன்னால், அவன் இடுப்பளவு புதைந்த பிறகும் முன்னோக்கியே நடப்பான். சூதாட்டத்தில் தோற்றவன் “விட்டதைப் பிடிக்கிறேன்” என்று மறுபடியும் உட்காருவதை நாம் அனைவரும் கண்டித்திருக்கிறோம். அந்தச் சூதாடியின் மனப்போக்கு, சூதாடாத நல்லவர்களிடமும், உழைப்பாளிகளிடமும், ஏன், பெரிய அரசாங்கங்களிடமும் கூடக் குடிகொண்டிருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

பாறைக்குள் போகும் பணம்

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் ஆழ்துளைக் கிணறு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். இத்தகைய நிலத்தில் நீர், மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையில் ஓடும் வெடிப்புகளிலும் தங்குகிறது. பாறை பஞ்சைப் போல எங்கும் நீரை உறிஞ்சி வைத்திருப்பதில்லை. ஆழம் செல்லச் செல்ல, மேலேயுள்ள சுமையினால் வெடிப்புகள் இறுகுகின்றன. அவற்றின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறைகிறது. எங்கோ ஓரிடத்தில் மிக ஆழத்தில் ஒரு வெடிப்பு அகப்பட்டு நீர் பீறிடுவதும் உண்டு. அந்த ஒருவருடைய அதிர்ஷ்டம் சுற்றுவட்டாரம் முழுவதும் பேசப்படுகிறது. நீர் காணாமல் திரும்பிய பலருடைய கதை அவரவர் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஓர் உழவர் அறுநூறு அடி துளைத்து இரண்டு லட்ச ரூபாய் செலவிட்டுவிட்டார். புழுதிதான் வருகிறது. இன்னும் இருநூறு அடி போக எழுபதாயிரம் ஆகும் என்கிறார் ரிக் வண்டிக்காரர். உழவர் என்ன நினைக்கிறார்? “இரண்டு லட்சம் போட்டாயிற்றே! எழுபதாயிரத்துக்குப் பார்த்து இரண்டு லட்சத்தை விடுவதா?” என்று நினைக்கிறார். நகையை அடகு வைக்கிறார். எண்ணூறு அடியிலும் நீர் இல்லை. இப்போது அவர் மனம், “இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ஆகிவிட்டதே, இன்னும் நூறு அடி பார்க்காமல் விடலாமா?” என்கிறது.

இங்கே நடப்பதைக் கூர்ந்து நோக்குங்கள். ஒவ்வொரு நஷ்டமும் அடுத்த செலவுக்கு ஒரு காரணமாகிவிடுகிறது. நஷ்டம் பெருகப் பெருக, நிறுத்துவதற்கான காரணம் அல்லவா வலுக்க வேண்டும்? ஆனால் தொடர்வதற்கான காரணமே வலுக்கிறது. இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்தவர்கள் உண்டு என்பது நீங்கள் அறிந்ததே.

சரியான கணக்கு எது? அந்த இரண்டு லட்சம், மேலும் துளைத்தாலும் திரும்பப் போவதில்லை. நிறுத்தினாலும் திரும்பப் போவதில்லை. இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் தராசு அசையாது. ஆகவே அதைத் தராசிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது ஒரே கேள்விதான்: இன்று கையிலுள்ள எழுபதாயிரத்தை இந்த இருநூறு அடிக்குள் போடுவது நல்லதா, அல்லது பண்ணைக்குட்டை வெட்டுவதற்கோ, சொட்டுநீர்க் குழாய் போடுவதற்கோ, கடனில் ஒரு பகுதியை அடைப்பதற்கோ, குறைந்த நீரில் விளையும் தானியத்துக்கு மாறுவதற்கோ செலவிடுவது நல்லதா?

ஊர் முழுவதும் இவ்வாறு ஆழப்படுத்துவதில் போட்டியிடும்போது இன்னொரு தீங்கும் விளைகிறது. ஒருவர் ஆழம் கூட்டினால் அண்டை நிலத்தவரின் கிணறு வற்றுகிறது. அவரும் ஆழம் கூட்டுகிறார். இருவருடைய செலவும் ஏறுகிறது. பூமிக்கடியில் ஊறும் நீர் ஒரு குடம் கூட ஏறுவதில்லை. 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 462 பிர்க்காக்களில், ஆண்டுதோறும் ஊறும் அளவைக் காட்டிலும் அதிகமான நீர் எடுக்கப்பட்டு வந்தது. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பம், பெட்டியை ஆழமாகத் துழாவினால் மட்டும் பணம் பெருகிவிடுமா?

பெரிய அரசாங்கமும் இதற்கு விலக்கன்று

இது பாமர மக்களின் அறியாமை என்று எவரேனும் கருதினால் அது தவறு. படித்தவர்களும், நிபுணர்களும், மந்திரிகளும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தின் வரலாற்றைச் சொல்கிறோம். அது வேர்க்கடலைச் சாகுபடி பற்றியது. ஆகையால் நம் உழவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில், அப்போது பிரிட்டனின் நிர்வாகத்திலிருந்து இப்போது டான்சானியாவின் பகுதியாக விளங்கும் டாங்கனீக்காவில், பெருமளவில் வேர்க்கடலை பயிரிட்டு இக்குறையைத் தீர்க்கலாம் என்ற யோசனை 1946-ஆம் ஆண்டில் எழுந்தது. ஜான் வேக்ஃபீல்டு என்பவர் தலைமையில் சென்ற குழு ஒன்பது வாரங்கள் சுற்றிப் பார்த்து, திட்டத்தை ஆதரித்து அறிக்கை தந்தது. ஆறு ஆண்டுகளில், அண்டை நாடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 32 லட்சம் ஏக்கரில் காட்டை அழித்துக் கடலை போடுவதென்றும், அதற்குச் சுமார் இரண்டரைக் கோடி பிரிட்டிஷ் பவுன் செலவாகும் என்றும் கணக்கிட்டார்கள்.

1947-ஆம் ஆண்டில் கொங்வா என்னும் இடத்தில் வேலை தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கு ஒன்றரை லட்சம் ஏக்கர். ஆனால் பயிரிடப்பட்டது ஏழெட்டு ஆயிரம் ஏக்கர்தான். அங்கிருந்த புதர்க்காடு எளிதில் அழியவில்லை. நம் இராமநாதபுரம் பக்கத்தில் பொந்தன்புளி என்று வழங்கும் பெருமரங்கள் வழிமறித்தன. போரில் பயன்பட்டு மிஞ்சிய பழைய டிராக்டர்கள் பழுதாகி நின்றன. போர் டாங்கிகளையே டிராக்டர்களாக மாற்றிக் கொண்டுவந்தும் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மண் களிமண். ஈரம் காய்ந்ததும் செங்கல்லைப் போல இறுகிற்று. இறுகிய தரையிலிருந்து கடலைச் செடியைப் பிடுங்கி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ள எந்த உழவரும் சொல்வார். மழையும் கைகொடுக்கவில்லை.

முதல் ஆண்டிலேயே மண்ணும் மழையும் தம் பதிலைச் சொல்லிவிட்டன. அப்போதே சிறு அளவில் நிறுத்திச் சோதனை செய்திருக்கலாம். ஆனால் என்ன நடந்தது? திட்டத்தை நடத்த 1948-இல் ஓர் அரசாங்கக் கார்ப்பரேஷன் வேலையை ஏற்றுக்கொண்டது. தெற்கே, கடலையை ஏற்றி அனுப்புவதற்கென்று மட்வாரா என்னுமிடத்தில் புதிய துறைமுகமும், அதற்கு ஒரு ரயில் பாதையும் அமைக்கும் வேலையும் நடந்தது. உணவு மந்திரி ஜான் ஸ்ட்ரேச்சி பாராளுமன்றத்தில் திட்டத்தை விடாது ஆதரித்து வாதாடினார். இலக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைக்கப்பட்டன. பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 1951-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அப்போது தள்ளுபடி செய்யப்பட்ட தொகை 3 கோடியே 60 லட்சம் பவுனுக்கும் மேல். அதாவது, 32 லட்சம் ஏக்கருக்கும் சேர்த்து முதலில் போட்ட மதிப்பீட்டைக் காட்டிலும் அதிகமான தொகை, அந்தப் பரப்பில் ஒரு சிறு பகுதியைக் கூட ஒழுங்காகச் சாகுபடி செய்யாமலே கரைந்தது.

காரணம் என்ன?

மனிதர்கள் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் மூன்று காரணங்களை மட்டும் இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

முதலாவது, வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். அமெரிக்காவில் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகிய இருவரும் 1985-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு பருவத்துக்குரிய நாடகச் சீட்டுகளைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் முறையில் அமைந்ததேயன்றி, நாடக ஆர்வத்தைப் பொறுத்ததன்று. ஆயினும் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குச் சென்றார்கள். கொடுத்த காசு அவர்களை நாடக மண்டபத்துக்கு இழுத்துச் சென்றது. சோற்றில் ஒரு பருக்கை சிந்தினாலும் மனம் பொறாத சிக்கனம் நம் மக்களிடம் உண்டு. அந்த நற்குணமே இவ்விஷயத்தில் நம்மைக் காலை வாரிவிடுகிறது.

இரண்டாவது, நிச்சயமான நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனம் கூசுவது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் மக்களிடம் இப்படிக் கேட்டார்கள்: மூவாயிரம் நாணயத்தை நிச்சயமாக இழக்கிறீர்களா? அல்லது, நூற்றுக்கு எண்பது பங்கு நாலாயிரம் போகலாம், இருபது பங்கு ஒன்றுமே போகாமலும் தப்பலாம் என்ற நிலையை ஏற்கிறீர்களா? சராசரிக் கணக்குப்படி இரண்டாவது வழியில்தான் நஷ்டம் அதிகம். ஆயினும் நூற்றுக்கு 92 பேர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். இதே எண்களை லாபமாக மாற்றிக் கேட்டபோது, நூற்றுக்கு 80 பேர் நிச்சயமான மூவாயிரமே போதும் என்றார்கள். லாபத்தில் பயந்தவர்களாகவும் நஷ்டத்தில் துணிந்தவர்களாகவும் இருக்கிறோம் என்பது இதன் பொருள். வறண்ட துளையின் ஓரத்தில் நின்று “இன்னும் நூறு அடி” என்று சொல்பவர் பேராசைக்காரர் அல்லர். நஷ்டம் உறுதியாகும் அந்த ஒரு நொடியைத் தள்ளிப்போட விரும்புகிறவர்.

மூன்றாவது, மானம். பாரி ஸ்டா என்னும் அமெரிக்க அறிஞர் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாணிபம் பயிலும் மாணவர்களை ஒரு கம்பெனியின் நிர்வாகிகளாக நடிக்கச் செய்து, பணத்தை எந்தப் பிரிவுக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்கச் சொன்னார். முதல் முடிவைத் தாமே எடுத்து, அது தோற்றதையும் கண்டவர்களே, தோற்ற பிரிவுக்கு மறுபடியும் அதிகமான பணத்தைக் கொடுத்தார்கள். முதல் முடிவு பிறருடையதாக இருந்தபோது அவ்வளவு கொடுக்கவில்லை. தோல்வியைக் கண்ட பின்னும் பணம் கொட்டியது, தம் முடிவு சரியே என்று காட்டுவதற்காகத்தான்.

நம் ஊர்களில் இந்த மூன்றாவது காரணம் மிகவும் வலியது. “அவன் போட்ட கிணறு பொய்த்துப் போயிற்று” என்ற பேச்சு, கடன்காரனின் வட்டியைக் காட்டிலும் உழவரை அதிகமாக வாட்டுகிறது. பஞ்சாயத்திலும் இதே நிலைதான். ஊற்று இல்லாத இடத்தில் துளை போட்டு, அதை நம்பி மேல்நிலைத் தொட்டியும் கட்டியாயிற்று என்றால், ஆண்டுதோறும் மோட்டாரை மாற்றுவதும் குழாயை நீட்டுவதுமாகப் பணம் போய்க்கொண்டிருக்கும். வேறு இடத்தில் ஊற்றுத் தேடலாம் என்று சொல்வது, முன்பு இடம் குறித்தவரைக் குறை கூறுவதாகிவிடுமே என்று எல்லோரும் வாய் மூடியிருப்பார்கள்.

விடாமுயற்சி வேறு, விடாப்பிடி வேறு

இதைக் கேட்டவுடன், சிரமம் வந்த காரியத்தையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது. நாட்டு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. நான்காம் ஆண்டில் காய் இல்லையே என்று தென்னையை வெட்டுவது மூடத்தனம். நடும்போதே அந்தக் காத்திருப்பு கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனால் பத்தாம் ஆண்டிலும் பாளை வராத மரத்துக்கு, “பத்து ஆண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறோமே” என்பதற்காக மட்டும் பதினோராம் ஆண்டும் ஊற்றுவது வேறு விஷயம். நாம் எதிர்பார்த்தபடி தாமதமாகிறதா, எதிர்பார்த்ததற்கு மாறாக நடக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். முன்னது விடாமுயற்சிக்கு உரிய இடம். பின்னது மறுபடியும் கணக்குப் பார்க்க வேண்டிய இடம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, தொடங்கும் முன்பே நிறுத்தும் எல்லையை எழுதி வைக்க வேண்டும். ரிக் வண்டி வருவதற்கு முதல் நாள், வீட்டில் மனைவி மக்களோடு உட்கார்ந்து, இத்தனை அடி, இத்தனை ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். எந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போது, ஊரார் சுற்றி நிற்கும்போது, நிதானமாக முடிவெடுக்க எவராலும் இயலாது. பஞ்சாயத்து வேலையாயின், தீர்மானப் புத்தகத்திலேயே, எந்தத் தேதிக்குள் எந்தப் பலன் தெரியாவிட்டால் மறுபரிசீலனை செய்வது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவதாக, ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். “இந்த நிலத்தை இன்றுதான் விலைக்கு வாங்கிய ஒருவர், இந்த வறண்ட துளையைக் கண்டால் இதில் மேலும் பணம் போடுவாரா?” என்று கேளுங்கள். அவருக்குப் பழைய செலவும் இல்லை. பழைய மானமும் இல்லை. அவர் போடுவார் என்றால் நீங்களும் போடலாம். அவர் வேறு வழி பார்ப்பார் என்றால் நீங்களும் பாருங்கள்.

மூன்றாவதாக, தொடங்கியவரையே நிறுத்தும் பொறுப்பில் விடாதீர்கள். ஒரு வேலையை யார் முன்மொழிந்தாரோ அவர் அல்லாத வேறு இரு உறுப்பினர்கள் அதைப் பார்வையிட்டு அறிக்கை தரட்டும். இதில் அவநம்பிக்கை ஏதும் இல்லை. தம் பிள்ளையின் விடைத்தாளைத் தாமே திருத்தும் ஆசிரியரின் சங்கடத்திலிருந்து அவரை விடுவிக்கிறோம்.

நான்காவதாக, நஷ்டத்தை வெளிப்படையாகச் சொன்னவரை ஏளனம் செய்யாதீர்கள். மற்ற யோசனைகளெல்லாம் இதைப் பொறுத்தே பலன் தரும். எந்த இடத்தில் எத்தனை அடியில் நீர் இல்லை என்பதை ஒருவர் சபையில் சொன்னால், அது ஊருக்கு அவர் அளிக்கும் தானம். அண்டை நிலத்தவர் அதே பாறையில் அதே பணத்தைப் போடாமல் தப்புகிறார். பொய்த்த துளைகளின் இடத்தையும் ஆழத்தையும் குறித்து ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு பதிவேடு வைத்திருந்தால், இத்தனை காலம் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த கதைகள் ஊருக்குப் பொதுவான அறிவாகிவிடும்.

ஐந்தாவதாக, கைவிட்ட துளையை அன்றே மூடுங்கள். என்றைக்காவது நீர் ஊறும் என்ற நப்பாசையில் துளையைத் திறந்தே வைத்திருப்பவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே, பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் ஒரு சிறு குழந்தை விழுந்து மாண்ட துயரத்தை நாம் மறக்க முடியாது. மேலாக மண்ணைத் தள்ளினால் போதாது. அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கற்கள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறைகள் கூறுகின்றன. இதைக் கண்காணிப்பது பஞ்சாயத்தின் கடமை.

அன்பர்களே, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுவதை நீங்கள் அறிவீர்கள். தொடங்க வேண்டிய வேலைகளின் பட்டியலோடுதான் நாம் வழக்கமாக அங்கே போகிறோம். அடுத்த முறை செல்லும்போது இன்னொரு தாளும் கொண்டு செல்லுங்கள். நம் ஊரில் பலன் தராமல் பணத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் வேலைகள் எவை, அவற்றுக்கு இதுவரை ஆனது எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, இனி ஆகப் போவது எவ்வளவு, இனி வரப் போவது என்ன என்ற இரண்டு பத்திகள் மட்டும் அதில் இருக்கட்டும். சபையோர் முன்னிலையில் அதைப் படியுங்கள். அவற்றில் ஒரு வேலையையேனும் நிறுத்தி, அந்தப் பணத்தைக் குடிநீருக்கோ, ஏரி வாய்க்காலுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ திருப்புவதென்று தீர்மானித்தால், அன்றைய கூட்டம் ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த கூட்டமாகும்.